பச்சைத் துளைமேல் ஒரு முத்திரை

பொறுப்பு என்றால் என்னவென்று உலக நாடுகள் கற்றுக்கொள்ள விரும்பினால், கெய்ரோவில் எங்கள் குடிமக்கள் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கு வரட்டும். லிஃப்ட் ஓடாது, படியேறி வரட்டும். இங்கே ஒவ்வொரு பொருளும் யாரோ ஓர் ஊழியரின் 'உஹ்தா', அதாவது அவர் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட பொறுப்பு. கீறல் விழுந்தால் அவர் தலை உருளும். ஆகவே எந்தப் பொருளையும் நாங்கள் பயன்படுத்துவதில்லை.

அஸ்வானில் இன்ஷிராஹ் என்ற விதவையை எங்கள் பதிவேடு நான்கு மாதமாக இறந்தவர் என்று காட்டிக்கொண்டிருந்தது. செத்தவருக்கு இன்சுலின் எதற்கு என்று அங்குள்ள மருத்துவமனை கேட்டது. நியாயமான கேள்விதான். அவரால் நடக்க முடியாது என்பதால், அஸ்வான் கிளையிலிருந்தே காணொளியில் தோன்றித் தாம் உயிரோடு இருப்பதை வாயால் சொன்னால் போதும் என்று எங்கள் 'நவீனமயக் குழு' கருணை காட்டியது. குழுவின் செயலாளர் அடியேன்.

கம்ப்யூட்டர், பொறியாளர் வக்தியின் உஹ்தா. ஸ்பீக்கரும் கேமராவும் கிடங்குப் பொறுப்பாளர் மதாம் இத்திதாலின் உஹ்தா.

"வயரோட ஒரு முனை என் ஸ்பீக்கர்ல இருக்கு. இன்னொரு முனை உங்க கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டா, நடுவுல இருக்கற வயருக்கு யாரு கையெழுத்துப் போடறது?" என்றார் மதாம்.

"பாதிக்கு நான் போடறேன் மதாம்," என்றார் வக்தி.

"எந்தப் பாதிக்கு?"

இயக்குநர் ராகிப் பே ('பே' என்றால் எங்கள் ஊரில் 'ஐயா') கலந்தாய்வுக்கு உத்தரவிட்டார். மூன்று வாரக் கலந்தாய்வுக்குப் பின் வயரின் நட்டநடுவில் ஒரு சிவப்பு நூல் கட்டப்பட்டது. நூலுக்கு இருவரும் கையெழுத்திட்டார்கள்.

விசாரணை நாள் வந்தது. கேமரா ஒழுங்காகச் சேர்ந்தது. ஸ்பீக்கர் வயரின் பச்சை முனைக்கு உரிய, கம்ப்யூட்டரின் பச்சைத் துளையின் மேல் 'அரசு உடைமை' என்ற ஸ்டிக்கர், முத்திரையோடு ஒட்டியிருந்தது. வக்தி சற்று யோசித்து, பக்கத்தில் சும்மா கிடந்த மைக் துளையில் செருகினார். திரையில் இன்ஷிராஹ் தெரிந்தார். வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

தேநீர் கொண்டுவந்த பய்யூமி எட்டிப் பார்த்தார். "பச்சையப் பச்சையில போடணும் பே. அந்த ஸ்டிக்கரப் பிச்சு விடுங்க, அந்தம்மா பேசறது கேக்கும்."

"முத்திரையப் பிச்சா உள்ள போகணும், தெரியுமா? நீ யாருக்கு எத்தன கரண்டி சர்க்கரைன்னு மட்டும் பாரு," என்றார் ராகிப் பே.

இன்ஷிராஹ் கையை ஆட்டினார். கண்ணைத் துடைத்தார். பிறகு ஒரு காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார்: 'நான் இன்னும் சாகல.'

"எழுத்து மூலம்னா அது கீழ் மாடி," என்றார் ராகிப் பே. "செயலாளரே, அந்தம்மா வாயத் தொறந்து ஏதாச்சும் சொன்னாங்களா?"

"தொறந்தாங்க பே. எதுவும் கேக்கல."

"அப்ப சொல்லலன்னு எழுதுங்க."

எழுதினேன். 'வாய்ப்பளித்தும் மனுதாரர் தாம் உயிரோடு இருப்பதாகக் கூறவில்லை.' ஏகமனதாக நிறைவேறியது.

மாலையில் பொருள்களைச் சரிபார்த்தோம். கேமராவில் கீறல் இல்லை. ஸ்பீக்கரின் பிளாஸ்டிக் உறை கிழியவில்லை. ஸ்டிக்கரின் ஓரம்கூடத் தூக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அஸ்வான் மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது: இன்ஷிராஹைப் பொறுத்தவரை எங்கள் பதிவேட்டில் இப்போது பிழை ஏதும் இல்லை.

யாரும் எங்களைக் கேள்வி கேட்கவில்லை. நானாகத்தான் உஹ்தாப் புத்தகத்தை முழுவதும் புரட்டிப் பார்த்தேன். சிவப்பு நூலுக்கு இரண்டு கையெழுத்து இருக்கிறது. இன்ஷிராஹுக்கு ஒன்றுகூட இல்லை.