நானூறுக்கு முடித்த பேரம்

இனி இந்த வீட்டில் யாரும் ஏமாறக் கூடாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன். யாரும் என்றால் என் மனைவி. நான் ஏமாறுகிற ரகம் இல்லை.

இருபத்தைந்து வருஷமாக, இடிக்கிற வீடுகளின் கதவு ஜன்னல்களை வாங்கி விற்கிறேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மிச்சத்தை ஊரே சேர்ந்து அடித்துச் சொல்லிக்கொடுத்தது. எவன் என்ன விலை சொன்னாலும் அதில் கால்வாசியைச் சொல்வேன். மாட்டேன் என்றால் ஒரு வார்த்தை பேசாமல் நடக்க ஆரம்பிப்பேன். ஐந்தாவது அடியில் கூப்பிடுவான். ஏழாவது அடி வரை நான் போனது இதுவரை இரண்டே தடவைதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எதிர்க்கடைத் தையல்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். அவருடைய கிரெடிட் கார்டிலிருந்து பதினோராயிரம் போய்விட்டதாம். கார்டு பாக்கெட்டிலேயேதான் இருந்ததாம். பஸ்ஸில் எவனோ ஒரு மிஷினை வைத்துக்கொண்டு உரசிக்கொண்டு நின்றானாம். அவ்வளவுதானாம். இப்போதெல்லாம் காற்றிலேயே உறிஞ்சிவிடுகிறார்களாம். நாலு தரம் சொன்னார். நாலு தரமும் என் கண்ணைப் பார்க்காமல் என் சட்டைப் பித்தானைப் பார்த்துத்தான் சொன்னார். தையல்காரர், பித்தானைப் பார்க்கிறார் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டு கார்டு சமையலறையில், காலி பிஸ்கட் டப்பாவில், கரன்ட் பில்லோடு கிடந்தது. பெயர் என்னுடையது, புழக்கம் மனைவியுடையது. அன்றே அதை எடுத்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"எதுக்குங்க?" என்றாள்.

"பாதுகாப்பு."

"யார்கிட்ட இருந்து?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.

அவளுக்கு அந்த நேரத்தில் கார்டு வேண்டியிருந்தது, அதுவும் உண்மை. வாஷிங் மிஷின் வாங்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். இருந்த மிஷினும் நான் கொண்டுவந்ததுதான். இடித்த வீடு ஒன்றில் எட்டுக் கதவோடு இனாமாகக் கேட்டு வாங்கியது. அது துவைத்ததைவிட நடந்ததுதான் அதிகம். குளியலறையில் போட்டுவிட்டால் சாயங்காலம் வாசலுக்கு வந்து நிற்கும். ஒரு நாள் வாசல் வரை வந்தது, அங்கேயே உயிரை விட்டது. அன்றிலிருந்து கையால் துவைக்கிறாள். மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு, என் சட்டைகளை எனக்குக் கேட்கிற மாதிரி அடித்துத் துவைக்கிறாள். புதிது எதற்கு, அடுத்த வீடு இடிக்கும்போது இன்னொன்று வரும் என்று சொல்லிவைத்திருந்தேன். மூன்று மாதமாக இந்த ஊரில் ஒருத்தனும் வாஷிங் மிஷின் இருக்கிற வீட்டை இடிக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

மறுநாள் பைக்கடையில் பாதுகாப்பு பர்ஸ் பார்த்தேன். உள்ளே உலோகத் தகடு. எந்தத் திருட்டு மிஷினும் ஊடுருவாது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். இரண்டாயிரத்து நானூறு என்றார். அறுநூறு என்றேன். சிரித்தார். நடந்தேன். மூன்றாவது அடியிலேயே கூப்பிட்டுவிட்டார். அப்போதே நான் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றாவது அடியில் கூப்பிடுகிறவன் இன்னும் இறங்கக்கூடியவன்.

வீட்டில் பர்ஸை மேஜைமேல் வைத்தேன். மனைவி எடுத்துப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள்.

"வேலை செய்யுமான்னு பார்த்தீங்களா?"

கேள்வி நியாயமானது. என் கடையில் வாடிக்கையாளர்களுக்காக பேங்க் கொடுத்த கார்டு மிஷின் இருக்கிறது. கார்டைக் காட்டினாலே பீப் என்று பணத்தை இழுத்துக்கொள்ளும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தொகை ஒன்று என்று போட்டு வெறும் கார்டைக் காட்டினேன். பீப். பர்ஸுக்குள் வைத்துக் காட்டினேன். சத்தமே இல்லை. நாலு பக்கமும் திருப்பித் தேய்த்தேன். செத்த எலி மாதிரி கிடந்தது மிஷின். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

மனைவி உள்ளே போய், சாப்பாடு பொட்டலம் கட்டுகிற வெள்ளித்தாளில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வந்தாள். கார்டை அதில் சுற்றினாள். மிஷினில் வைத்தாள். அதற்கும் சத்தம் இல்லை.

"அறுநூறு குடுத்தீங்களா?" என்றாள்.

"தாள் கிழிஞ்சிடும்."

"பர்ஸைத் திறக்கிறது யாரு?"

"நான் மட்டும்தான்."

"அப்ப சரி," என்றாள். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் என் மனைவி 'அப்ப சரி' என்று சொன்ன எந்த விஷயமும் எனக்குச் சரியாக முடிந்ததில்லை. அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த வாரக் கடைசியில், காலை பதினொரு மணி இருக்கும். கடையில் ஒரு தேக்குக் கதவு நிலையைக் கிடத்தி ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. தெரியாத எண். ஒரு பெண் குரல். சுத்தமான தமிழ். தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கொஞ்சம் அமுங்கியிருந்தது.

"வணக்கம் ஐயா. கடன் அட்டைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுகிறேன். தங்கள் அட்டைக்கு இவ்வாண்டுப் பாதுகாப்புக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு."

"அதெல்லாம் வேண்டாம்மா. நான் பர்ஸே வாங்கிட்டேன். தகடு வெச்சது."

"பர்ஸ் வெளியிலிருந்து வரும் ஆபத்தைத் தடுக்கும் ஐயா. உள்ளிருந்து வருவதை?"

இந்த மாதிரி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனாலும் வாய் பழக்கத்தில் கால்வாசிக்கும் கீழேயே சொல்லிவிட்டது. "முந்நூறு."

"ஐயா, இது வங்கி."

"பேங்க்னா என்ன, கடைதானே. முந்நூறு."

"ஆயிரத்து இருநூறு."

எந்த ஊர் பேங்க் ஒரே மூச்சில் முந்நூறு இறங்கும் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அப்போது அது தோன்றவில்லை. இறங்குகிறாள் என்பதுதான் தோன்றியது. உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. போனில் நடந்து காட்ட முடியாது. அதனால் போனை நிலைமேல் வைத்துவிட்டு, அவளுக்குக் கேட்கிற மாதிரி செருப்பைத் தேய்த்து நடந்தேன். ஐந்தாவது அடியில் "ஐயா, ஐயா" என்று சத்தம் வந்தது. எண்ணூறு என்றாள். பிறகு அறுநூறு. மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகப் போய்விட்டு வந்தாள். பின்னால் குக்கர் விசில் மாதிரி ஏதோ கேட்டது. பேங்க் கேன்டீன் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் நானூறு. முந்நூற்றைம்பதுக்கு இழுத்தேன், இழுத்தேன், வரவே இல்லை.

"நானூற்றுக்குக் கீழே இறங்க எனக்கு அதிகாரம் இல்லை ஐயா."

ஆயிரத்து ஐந்நூறை நானூறுக்கு அடித்தது போதாதா? சரி என்றேன். விலை முடிந்த பிறகு பின்வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பர்ஸைத் திறந்தேன். கார்டை வெளியே எடுத்தேன். முன்னால் இருந்த பதினாறு எண்ணையும் பின்னால் இருந்த மூன்று எண்ணையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். போனில் ஒரு மெசேஜ் வந்தது. முழுக்க ஆங்கிலம். நமக்கு எண் மட்டும்தான் ஆகும். ஒரு தொகை இருந்தது, கடைசியில் 400 என்று முடிந்தது. பேசியது சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டேன். அடுத்து இருந்த ஆறு எண்ணைப் படித்துச் சொன்னேன்.

"மிக்க நன்றி ஐயா. தங்களைப் போல் ஒருவரிடம் நான் பேசியதே இல்லை," என்றாள். எவ்வளவு மரியாதை. என் வீட்டில் யார் இப்படிப் பேசுகிறார்கள்?

இரண்டு நிமிஷத்தில் அடுத்த மெசேஜ். பணம் போனதற்கு. அதிலும் நானூறு இருந்தது. இந்தத் தடவை கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நானூறுக்கு முன்னால் இருபத்தெட்டாயிரமும் இருந்தது.

நிலைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஆணி குத்தியது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கார்டின் பின்னால் இருந்த எண்ணில் உண்மையான பேங்கைக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்றார்கள். அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள். இருபது நிமிஷம் கழித்து ஒருவர் வந்தார். தன்மையாகத்தான் பேசினார். மெசேஜில் வந்த ரகசிய எண்ணை நீங்களே யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருஷம் பேரம் பேசிய வாய். வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். பணம் போனது போகட்டும், ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது? மனைவி சோறு போட்டாள். நான் பர்ஸை அவள் முன்னால் மேஜைமேல் போட்டேன்.

"இந்த பர்ஸ் சரியில்லை. காசை உறிஞ்சிட்டானுங்க."

"அய்யோ. பர்ஸ் மூடித்தானே இருந்துச்சு?"

"மூடித்தான் இருந்துச்சு. பாக்கெட்டை விட்டே எடுக்கலை."

"அப்புறம் எப்படிங்க?"

"காத்துல. இப்ப புதுசா ஒரு மிஷின் வந்திருக்கு. தகடெல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்லை."

அவள் பர்ஸைக் கையில் எடுத்தாள். திறந்தாள், மூடினாள், புரட்டிப் பார்த்தாள். முகத்தில் அவ்வளவு கவலை. எனக்கே பாவமாக இருந்தது.

"தையல்காரரும் இதையேதான் சொன்னாராம்," என்றாள். "அவர் வீட்டம்மா எங்கிட்ட வேற மாதிரி சொன்னாங்க. யாரோ போன் பண்ணியிருக்காங்க. இவர் நம்பரை ஒவ்வொண்ணா படிச்சுக் குடுத்திருக்கார். வெளிய சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு பஸ்ல போச்சுன்னு சொல்லிட்டாராம். நீங்க அப்படியெல்லாம் சொல்ற ஆள் இல்லை."

தண்ணீர் குடித்தேன். என் கண் அவள் முகத்துக்குப் போகவில்லை. அவள் புடவை முந்தானையில் ஒரு பூ இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசல் மணி அடித்தது. இரண்டு பேர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பெட்டிமேல் வாஷிங் மிஷின் படம். அது நடக்கிற மிஷின் மாதிரித் தெரியவில்லை.

"நாங்க எதுவும் வாங்கலையே," என்றேன்.

"பணம் கட்டியாச்சு சார். இருபத்தெட்டாயிரத்து நானூறு. இன்னிக்கே டெலிவரி போட்டிருக்காங்க."

நான் மெதுவாகத் திரும்பினேன். மனைவி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். தண்ணீருக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது.

"தங்கள் அட்டை இப்போது முழுப் பாதுகாப்பில் உள்ளது ஐயா."

வழக்கமாக எனக்குக் கோபம் வந்தால் தெரு முனை வரை கேட்கும். அன்று வந்த கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் உள்ளேயே சுற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டது. போன் தையல்காரர் வீட்டம்மாவுடையதாம். கடைக்காரரிடம் மிஷின் விலையை எழுபது ரூபாய் குறைத்து, நானூறில் முடிகிற மாதிரி அவளே பேசி வைத்தாளாம். யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

"நேரா கேட்டிருக்கலாமே," என்றேன்.

"ஏழு தடவை கேட்டேன். ஒரு தடவையாவது நான் முடிக்கிற வரைக்கும் இருந்தீங்களா? ஊரான் வீட்டுப் பொம்பளைன்னதும் பதினெட்டு நிமிஷம் கேட்டீங்க."

அவள் மணிக்கட்டில் இன்னும் அந்தத் துணி சுற்றியிருந்தது.

மிஷினைப் பொருத்திவிட்டு அந்த இரண்டு பேரும் கூலி நானூறு என்றார்கள். முந்நூறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு பர்ஸைத் திறந்தேன். பணம் இருந்தது, கொடுத்தேன். பர்ஸின் பக்கத்துத் தடுப்பில் கார்டு இல்லை.

"கார்டு எங்கே?"

"பிஸ்கட் டப்பாவுலங்க. அது உங்ககிட்ட இருந்தா, யார் கேட்டாலும் குடுத்துடறீங்க."