தங்கள் கார் எங்கள் புதரில் மோதியது குறித்து

பெருமதிப்பிற்குரிய பல் மருத்துவர் அவர்களுக்கு,

வணக்கம். ‘அன்புள்ள சம்பந்தி’ என்றுதான் முதலில் எழுதினேன். அப்படி அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் மிச்சமிருக்கிறதா என்று தெரியாததால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். இங்கே நானும் என் மனைவியும் மகளும் தங்கள் காரும் நலம். காரைப் பொறுத்தவரை நலம் என்பதைக் கொஞ்சம் தாராள மனதோடு எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளைத் தம்பியும் நலமென்று நம்புகிறேன். தங்கள் தலையிலிருந்து ஹெல்மெட் கழன்றுவிட்டதா என்பதை அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தவற்றுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். என் மகளுக்கும் தங்கள் மகனுக்கும் கல்யாணப் பேச்சை முடித்துத் தேதி குறிப்பதற்காகத் தாங்கள் இருவரும் வந்தீர்கள். குறிக்காமலே எழுந்து போனீர்கள். அதற்குப் பிறகு ஒரு போன் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. என் மகள் என்னிடம் பேசுவதில்லை. என் மனைவி பேசுகிறாள், ஆனால் என்னைப் பார்த்து அல்ல, ஃபிரிட்ஜைப் பார்த்து. “சாப்பாடு மேஜை மேல இருக்குன்னு யாராவது அவர்கிட்ட சொல்லுங்க” என்கிறாள். ஃபிரிட்ஜ் வந்து சொல்லும்வரை காத்திராமல் நானே போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

என் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். நான் வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் சோதனை அதிகாரியாக இருந்தவன். இந்த ஊரில் நான் ஏறி இறங்காத கட்டடம் கிடையாது. இப்படி மேலும் கீழுமாகவே போய்வந்து அலுத்துப்போனவன், ஓய்வு பெற்ற பிறகாவது நேராகக் கொஞ்ச தூரம் போவோமே என்று ஒரு ஜீப் வாங்கினேன். யுத்தத்தில் ஓடிய ஜீப். கதவு கிடையாது, கூரை கிடையாது, மெத்தை என்ற பெயரில் ஒரு கான்வாஸ் துணி. ஜீப் வந்தால் அதற்குத் துணையாக ஒரு ஹெல்மெட் வேண்டாமா? ஹெல்மெட் வந்தால் தண்ணீர்க் குப்பி, தண்ணீர்க் குப்பி வந்தால் வரைபடப் பை, பிறகு ராணுவத் தொலைபேசி, கையால் சுற்றுகிற அபாயச் சங்கு என்று குடும்பம் பெருகிவிட்டது. நான் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவன், சண்டை மேல் எனக்கு ஆசை கிடையாது. அந்தச் சண்டைக்குப் போனவன் எதில் தண்ணீர் குடித்தான், எதன்மேல் உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுதினான் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை. தங்களுக்கு இது புரியும். காரின் முன்பக்கக் கிரில்லைத் தாங்கள் பல் துலக்கும் பிரஷ்ஷால், அதுவும் மென்மையான பிரஷ்ஷால், மேலிருந்து கீழாகத்தான் துலக்குவீர்கள் என்று மாப்பிள்ளைத் தம்பி சொன்னபோதே, இவர் நம்ம ஆள் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

தாங்கள் வருவதற்கு முதல் நாள் என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “நாளைக்கு அவங்க வந்துட்டுப் போறவரைக்கும் அந்த ஜீப் யார் கண்ணுலயும் படக் கூடாது.” தெருக்கோடி ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்பதுதான் அதற்கு அர்த்தமாம். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கண்ணில் படக் கூடாது என்று ஒருவரிடம், அதுவும் யுத்தகால மறைப்பு வலையையும் அதை எப்படிக் கட்டுவது என்ற ராணுவக் கையேட்டையும் சொந்தமாக வைத்திருக்கிற ஒருவரிடம் சொன்னால், அந்த மனிதர் வேறு என்னதான் செய்வார்? வலையைப் போர்வை மாதிரி போர்த்தக் கூடாது, போர்த்தினால் போர்வை போர்த்திய ஜீப் மாதிரிதான் தெரியும் என்கிறது கையேடு. கம்பு நட்டுத் தூக்கிக் கட்டி, ஓரங்களைக் கோணல்மாணலாக இழுத்துவிட்டு, அக்கம்பக்கத்துச் செடியின் இலையையே சொருக வேண்டும். வாடிய இலை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஞாயிறு காலையில் எழுந்து புது இலை மாற்றினேன். வேலையை முடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்தால் என் ஜீப் எனக்கே தெரியவில்லை. என் மனைவி வெளியே வந்து பார்த்து, “பரவாயில்லையே, சொன்ன உடனே கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டீங்களே” என்றாள். அவள் என்னைப் பாராட்டுவது அபூர்வம். அதைக் கெடுப்பானேன் என்று சும்மா இருந்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் தாங்கள் வந்தீர்கள். வான நீலத்தில், முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் போல் ஒரு கார். நான் கேட்டைத் திறந்துவிட்டு “வாங்க, வாங்க” என்றேன். தாங்கள் இறங்கவில்லை. பெயிண்ட்டில் வெயில் படக் கூடாதே என்று கழுத்தை நீட்டி நிழல் தேடினீர்கள். முற்றத்தின் மூலையில் அடர்த்தியாக, குளுகுளுவென்று ஒரு புதர் தங்கள் கண்ணில் பட்டது. “அட, நல்ல நிழலா இருக்கே” என்றபடி ரிவர்ஸ் கியர் போட்டீர்கள். நான் கத்தியிருக்க வேண்டும். கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வண்டிகளைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவர், இத்தனை அருகில் வந்தும் அதைப் புதர் என்றே நம்புகிறாரே என்ற பூரிப்பில் எனக்குப் பேச்சு வரவில்லை. பேச்சு வருவதற்குள் சத்தம் வந்துவிட்டது. நான் ஓடிவந்து இலைகளை விலக்கிப் பார்த்து, தங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, “பயப்படாதீங்க, ஜீப்புக்கு ஒன்னும் ஆகல” என்றேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்றாள் என் மகள். பேச்சை நிறுத்துவதற்கு முன்னால் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

ஜீப்பின் முன்னால் இருந்த இழுவைக் கொக்கி தங்கள் காரின் பின்பக்க பம்பருக்குள் புகுந்து மாட்டிக்கொண்டது. மெதுவாக ஆட்டி அசைத்துக் கழற்றலாம் என்று தாங்கள் சொன்னீர்கள். நான்தான், சேற்றில் புதைந்த பீரங்கியையே இழுத்த வண்டியாயிற்றே, இதென்ன பிரமாதம் என்று வலைக்குள் புகுந்து, ஏறி உட்கார்ந்து, ஜீப்பைப் பின்னால் எடுத்தேன். ஜீப் வந்தது. வலையும் கம்பும் ஜீப்போடு வந்தன. பம்பரும் வந்தது. கார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, புதர் நகர்வதைக் கண்ட பிறகுதான் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். அவள் அப்போது என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இருந்தாலும் தாங்கள் பெருந்தன்மையோடு உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தீர்கள். என் சேகரிப்பு எதுவும் கண்ணில் படக் கூடாது என்பதும் மனைவியின் உத்தரவுதான். ஆகவே பாதியைச் சோபாவுக்கு அடியிலும் மீதியை ஜன்னல் திரைக்குப் பின்னாலும் ஒளித்து வைத்திருந்தேன். தங்கள் குதிகாலில் ஏதோ இடித்தது. குனிந்து எடுத்துப் பார்த்தால் ஹெல்மெட். அத்தனை கோபத்திலும் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “பெயிண்ட் ஒரிஜினலா?” என்று கேட்டீர்களே, அந்த இடத்தில் நான் உருகிப் போய்விட்டேன். “ஒரிஜினல்தான், போட்டுப் பாருங்க” என்றேன். போட்டீர்கள். வாரை மாட்டிவிட்டது நான். இதற்குள் தங்கள் துணைவியார், சமையலறையில் என் மனைவிக்கு ஒத்தாசை செய்யலாம் என்று எழுந்தவர், திரைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பார்த்துவிட்டார். “இது என்ன, காபிக்கொட்டை அரைக்கிற மெஷினா?” என்று கேட்டபடியே நாலு சுற்று சுற்றினார். அபாயச் சங்கைக் கிளப்புவதுதான் நம் கையில் இருக்கிறது. நிறுத்துவது நம் கையில் இல்லை, அதுவாக ஓய்ந்து அடங்க வேண்டும். போன மாதம்தான் நான் அதைப் பிரித்து எண்ணெய் போட்டிருந்தேனா, என்றைக்கும் இல்லாத அழகாக ஊளையிட்டது. தெருவே வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டுக் கணக்கு ஆசிரியர் தலையில் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டும் கையில் பூனையுமாக நடுத்தெருவில் நின்றார். தாங்கள் துள்ளி எழுந்த வேகத்தில் மேலே இருந்த அலமாரி முனையில் தலை ‘ணங்’ என்று மோதியது. “அந்த ஹெல்மெட் மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும், நினைச்சுப் பாருங்க” என்றேன். அதையும் சொல்லியிருக்கக் கூடாதாம், என் மனைவி ஃபிரிட்ஜிடம் சொன்னாள். மோதிய வேகத்தில் வாரின் பூட்டு நெளிந்துவிட்டது. கழற்றப் பார்த்தோம், அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் தாங்கள் தலையில் ஹெல்மெட்டும் மடியில் பம்பருமாக டாக்ஸியில் ஏறிப் போனீர்கள். டாக்ஸி ஓட்டுநர் தங்களைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அவரைத் தூண்டிவிட்டது நான் அல்ல என்பதை மட்டும் நம்புங்கள். 

புதன்கிழமை நேரிலேயே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தங்கள் கிளினிக்குக்கு வந்தேன். நோயாளிகளைத்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். சரி, பல்வலி என்றேன். தங்கள் உதவி மருத்துவர் என்னைப் பிடித்து நாற்காலியில் சாய்த்து வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டார். பஞ்சோடு பஞ்சாக நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மிகவும் இரக்கப்பட்டு, “ரொம்ப வலிக்குதா?” என்று இன்னொரு ஊசி போட்டார். தாங்கள் அடுத்த அறையில் இருந்தீர்கள். ஹெல்மெட்டின் நிழல் மட்டும் கண்ணாடிக் கதவில் அசைந்தது. கோணிய வாயோடு வீட்டுக்கு வந்து, பேசி ஆகாததை எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகளுக்குத் தங்கள் மகனை ரொம்பப் பிடித்திருக்கிறது. அவள் வாய்விட்டுச் சொல்லும் ரகம் இல்லை. ஆனால் போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவள் முகம் நிமிர்வதையும், தங்கள் வீட்டு அழைப்பு இல்லை என்று தெரிந்ததும் தொங்கிப்போவதையும் இந்த நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னால் தாங்க முடியவில்லை. நான் அடித்த கூத்தால் அவள் கல்யாணம் நின்றுபோனால் அப்புறம் எனக்கு ஜீப் என்ன, ஹெல்மெட் என்ன? ஆகவே ஜீப்பை விற்றுவிடுகிறேன். பழைய இரும்பு வியாபாரி வரும் சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற சாமான்களை ஏதாவது அருங்காட்சியகத்தில் கொடுத்துவிடுகிறேன். தங்கள் கார் எங்கள் முற்றத்தில், வலைக்கு அடியில், வெயில் படாமல் பத்திரமாக இருக்கிறது. தபால்காரர் அதன்மேல் சைக்கிளைச் சாய்க்கப் பார்த்தார், நல்ல வேளையாகத் தடுத்துவிட்டேன். ஒர்க்‌ஷாப்காரரை வைத்து அதைப் பழையபடி ஆக்கித் தருவது என் பொறுப்பு, நான் கிட்டவே போக மாட்டேன். தயவுசெய்து கல்யாணப் பேச்சை மட்டும் முறித்துவிடாதீர்கள். இங்கே வர மனமில்லை என்றால் நாங்கள் அங்கே வருகிறோம். பஸ்ஸில் வருகிறோம். இதையெல்லாம் என் மனைவி பக்கத்தில் நின்று ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்துவிட்டு, “கையெழுத்தை முழுசாப் போடச் சொல்லு” என்று ஃபிரிட்ஜிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

தங்களுக்கும் தங்கள் துணைவியாருக்கும் என் பணிவான வணக்கங்கள். மாப்பிள்ளைத் தம்பிக்கு என் ஆசிகள், அவர் இன்னும் மாப்பிள்ளைதான் என்றால். இல்லை என்றாலும் ஆசிகள், அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும்,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: இதைத் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதுகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். முன்பக்கம் எழுதியதில் நலம் விசாரித்ததையும் வணக்கத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறந்துவிடுங்கள். கடிதத்தை உறைக்குள் போடப் போகும்போது என் மகள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். “அப்பா, அம்மாவும் அத்தையும் தினம் போன்ல பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. கல்யாணத்துக்குத் தேதியே குறிச்சாச்சு. உங்க ரெண்டு பேரையும் பயமுறுத்தி எழுதி வாங்கணும்னுதான் இந்த நாடகம். அங்க மாமாவும் காரை விக்கிறேன்னு எழுதிக்கிட்டிருக்காரு” என்றாள். நான் எத்தனையோ யுத்தங்களைப் படித்தவன். இரண்டு தளபதிகள் சத்தமே இல்லாமல் கைகோத்துக்கொண்டு, தத்தம் வீட்டுக்காரரிடமே ஒரே நேரத்தில் சரணாகதி எழுதி வாங்கியதாக எந்தச் சரித்திரத்திலும் பார்த்ததில்லை. “மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு நீயும் அவங்களோட சேர்ந்துதானே நடிச்சே? இப்ப எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றே?” என்று கேட்டேன். “ஹெல்மெட்டும் சங்கும் போனாப் போகட்டும்னுதான் சும்மா இருந்தேன். நீங்க ஜீப்பையே விக்கிறேன்னு எழுதுவீங்கன்னு நான் கண்டேனா? அதை வித்துட்டா கல்யாணத்தன்னிக்கு நான் எதுல வந்து எறங்குறது?” என்றாள். இத்தனை காலமும் அந்த ஜீப் அவளுக்கு ஓர் அவமானம் என்றே நினைத்திருந்தேன்.

தாங்கள் கடிதத்தை எழுதி முடித்திருந்தால் தபாலில் போட்டுவிடாதீர்கள். இதை நான் போட்டுத்தான் ஆக வேண்டும், தளபதி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரும்பு வியாபாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பதிலாகச் சனிக்கிழமை தாங்கள் வாருங்கள். காரை விற்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மறக்காமல் பம்பரை எடுத்துக்கொண்டு வாருங்கள், இரண்டு பேரும் உட்கார்ந்து மாட்டிவிடுவோம். என் மகள் வந்து இறங்குவதற்கு ஒரு வண்டி இருக்கிறது. தங்கள் மகன் வந்து இறங்குவதற்கு ஒன்று வேண்டாமா?