கண்ணடித்த கார்

வலது இண்டிகேட்டரைப் போட்டதும் காரின் இடது முகப்பு விளக்கு மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. எதிர்வீட்டு டீச்சரைப் பார்த்து ஒரு தடவை கண்ணடித்தது. பிறகு ஒன்றும் தெரியாதது போல் படுத்துக்கொண்டது.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த டீச்சர் குழாயை மூடினார். "இன்னிக்கு இது மூணாவது தடவை சார்."

"நான் இல்லை டீச்சர், கார்" என்றார் செக்கிங் சார்.

"கார்ல உக்காந்திருக்கறது யாரு?"

அவர் கீழே குனிந்து ஒயர்களுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

போல்ட்டுத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் தரம் பார்த்தவர். அங்கே வைத்த பெயர் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை, பழக்கமும் விடவில்லை. வீட்டில் தரம் பார்க்கச் சமையலறைதான் இருந்தது. டப்பா மூடிகளைத் திருகிப் பார்த்தார். காம்பு கோணல் என்று மூன்று கரண்டிகளைக் கழித்துக் கட்டினார். வாணலியின் அடி சமமில்லை என்பதை அளவுகோல் வைத்து நிரூபித்தார். அடுப்பில் எது கொதித்தாலும் பக்கத்தில் கடிகாரத்தோடு நின்றார். ஒரு மாதம் பொறுத்த மனைவி, இனிமேல் அவர் சமையலறை வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று ஒரே ஒரு சட்டம் போட்டாள்.

அந்த வாரமே இந்தக் காரும் வந்தது. இரண்டே இருக்கை, தரையோடு ஒட்டிய உடம்பு, தூங்கி விழிக்கும் முகப்பு விளக்குகள். இளவட்டமாக இருந்தபோது அவர் கனவு கண்ட ஸ்போர்ட்ஸ் கார், காலம் போன காலத்தில் காயலான் கடையில் கிடைத்தது. மனைவியே கூட வந்து வாங்கிக் கொடுத்தாள். அவள் வியாபாரக் குடும்பத்துப் பெண். குளிக்கிற சோப்பு பாதி கரையும்போதே அடுத்த சோப்பு அலமாரிக்கு வந்துவிடும். அதையும் சொன்ன விலைக்கு வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது. அப்படிப்பட்டவள் இந்தக் காருக்கு ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. நம் ஆசைமேல் இவளுக்கு இத்தனை மரியாதையா என்று செக்கிங் சார் கடையிலேயே உருகிப்போனார்.

மூன்று மாதமாயிற்று, கார் ஸ்டார்ட் ஆகவில்லை. இந்தத் திங்கட்கிழமைதான் ஃப்யூஸ் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே செம்பு முனை ஒவ்வொன்றிலும் பச்சைப் பச்சையாகக் களிம்பு.

"கண்டுபிடிச்சுட்டேன்" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "எல்லாம் களிம்புதான். ஞாயித்துக்கிழமை உன்னை ஏத்திக்கிட்டு ஒரு சுத்து சுத்தப் போறேன்."

"ஞாயித்துக்கிழமையேவா?" என்றாள் மனைவி.

களிம்பெடுக்கச் சமையல் சோடா வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை மனைவி குளிக்கப் போன நேரத்தில் சட்டத்தை மீறி உள்ளே நுழைந்தார். சோடா டப்பாவுக்கு மேலே காலண்டர். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மனைவியின் கையெழுத்து: 'காலை பத்து மணி. காயலான் கடை. லாரி.'

கையில் அள்ளிய சோடாவோடு வாசலுக்கு ஓடி வந்தார். காரை வந்த இடத்துக்கே அனுப்பப் போகிறாள். இதைக் கேட்கவும் வழியில்லை. எங்கே பார்த்தீர்கள் என்பாள். சமையலறைக்குள் போனது வெளியே வந்துவிடும். ஞாயிறு பத்து மணிக்குள் கார் ஓடியாக வேண்டும். ஓடுகிற காரைப் பழைய இரும்புக்குப் போட எந்த வியாபாரிக்கும் மனசு வராது.

ஃப்யூஸ் பெட்டியைச் சோடாவால் தேய்த்துப் பளபளப்பாக்கியதன் பலன்தான் புதன்கிழமை டீச்சருக்குக் கிடைத்த கண்ணடிப்பு. வியாழக்கிழமை பின்விளக்கு இணைப்புகளை உப்புத்தாளால் சுரண்டினார். பிரேக்கை மிதித்தால் இரண்டு கண்ணும் திறந்து வைப்பரும் ஆடியது. வெள்ளிக்கிழமை கதவோரத்து முனைகளையெல்லாம் வெட்டிப் புதிதாகப் போட்டார். கதவைத் திறந்தால் ஹாரன் அடித்தது, மூடினாலும் நிற்கவில்லை. களிம்பு போகப் போகக் கோளாறு நன்றாக மூச்சு விட ஆரம்பித்திருந்தது.

மனைவியோ வேளைக்குக் காபி கொண்டு வந்து வைத்தாள். முடிந்துவிடுமா என்று கேட்பாள். முடிந்துவிடும் என்பார். சமையலறையில் அவள் பாடுவது வாசல் வரை கேட்டது. பாவி, எவ்வளவு நிம்மதியாகப் பாடுகிறாள் என்று அவர் முனைகளை இன்னும் பலமாகச் சுரண்டினார்.

சனிக்கிழமை ஹாரன் சத்தம் தாங்காமல் டீச்சரே சாலையைக் கடந்து வந்தார். செக்கிங் சார் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"கரண்டு உள்ளே வர்ற வழியையே துடைச்சுக்கிட்டிருக்கீங்களே" என்றார் டீச்சர். "வெளியே போற வழியைப் பாத்தீங்களா? பெல் அடிச்சு, கிளாஸ் கதவு திறக்கலைன்னா, பசங்க பக்கத்துக் கிளாஸ் வழியாத்தான் போவாங்க. அங்கேயும் ரகளைதான்."

செக்கிங் சார் டீச்சரைக் கும்பிடாத குறை. எல்லா ஒயரும் கடைசியில் காரின் உடம்போடு சேரும் இடம் ஒன்று உண்டு. அந்த எர்த் போல்ட்டை ஞாயிறு காலை ஒன்பதரைக்கு இருக்கையின் அடியில் கண்டுபிடித்தார். துரு அதை ஒரு கட்டியாக்கியிருந்தது. சுரண்டியதும் அதன் தலையில் அவருடைய தொழிற்சாலையின் முத்திரை தெரிந்தது. இதை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

தேய்த்தார், முறுக்கினார், சாவியைத் திருப்பினார். கார் உறுமியது. வலது இண்டிகேட்டர் போட்டால் வலது இண்டிகேட்டரே எரிந்தது. குழாயோடு காத்திருந்த டீச்சருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மனைவி ஓடி வந்தாள். "நிஜமாவே ஓடிடுச்சா?" என்றவள் சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு லாரி வந்தது. செக்கிங் சார் ஸ்பேனரோடு போய்க் காருக்கு முன்னால் நின்றார்.

"என்னைத் தாண்டித்தான் இதைத் தொடணும்."

காயலான் கடைக்காரர் அவரை வினோதமாகப் பார்த்துவிட்டு, லாரியை மூடியிருந்த தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தார்.

"அது யாருக்கு வேணும் சார்? அது ஓடுற அன்னிக்கே அடுத்த காரை இறக்கிடணும்னு அம்மா அப்பவே சொல்லி வச்சுட்டாங்க. இதுல ஒரு ஒயர்கூட உருப்படியா இல்லை, மூணு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்."