தண்டாஸ் அண்ணனும் தொண்ணூற்றிரண்டு மார்க்கும்

பினாங்குத் தீவிலும் அக்கரை பட்டர்வொர்த்திலும் சேர்த்து, தண்டாஸ் அண்ணன் கால் வைக்காத கக்கூஸ் ஒன்றுகூடக் கிடையாது. எந்தப் பட்டறையில் தொட்டி ஒழுகுகிறது, எங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எங்கே வாளி இருந்தும் குவளை இல்லை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சுகாதார இலாகாக்காரர்கள்கூட அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மலாயில் கக்கூஸுக்குத் தண்டாஸ் என்று பெயர். அதையே அவருக்கும் பெயராக வைத்துவிட்டார்கள். வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். அது அவருடைய உத்தியோகம்.

உத்தியோகம் என்றால், பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் மேசை விசிறி செய்யும் ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேசிங் பிரிவு. ஸ்பிரிங், ஸ்க்ரூ, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் யாரிடம் வாங்குவது என்று பார்க்கிற வேலை. எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்த அதே வாரம்தான் அவரும் சேர்ந்தார். அதற்கு முன்பு கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தாராம். கப்பல் கிளம்பிய பிறகு சாமான் கெட்டுப்போயிருப்பது தெரிந்தால், நடுக்கடலில் யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது? அதனால் வாங்குவதற்கு முன்பே சந்தேகப்பட்டு முடித்துவிடுவது அவர் பழக்கம். ஒல்லியான ஆள். பேண்ட்டின் அடியை எப்போதும் ஒரு மடிப்பு மடித்தே வைத்திருப்பார். ஈரத் தரைக்குத் தயாராக.

அவர் முறை மிகவும் எளிது. புது சப்ளையர் யாராவது கொட்டேஷன் அனுப்பினால், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அவன் பட்டறைக்குப் போவார். பட்டறை முதலாளியான தவுக்கே கொடுக்கும் காப்பியைக் குடிப்பார். மெஷினைக் காட்டினால் பார்ப்பார், சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டினால் தலையாட்டுவார். பிறகு எழுந்து, தண்டாஸ் எந்தப் பக்கம் என்று கேட்பார். போய்விட்டு வந்து பேண்ட் மடிப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிடுவார். மறுநாள் காலை என் மேசைக்கு முன்னால் நின்று, ஆர்டர் டைப் செய்யலாமா கூடாதா என்று ஒரே வார்த்தையில் சொல்வார். காரணம் கேட்டால்தான் வேடிக்கை.

ஜெலுத்தோங்கில் ஒரு ஸ்பிரிங் பட்டறை. ஏர்கண்டிஷன் போட்ட அலுவலகம், மீன் தொட்டி, சோபா எல்லாம் இருந்தது. வேண்டாம் என்றுவிட்டார். அங்கே கக்கூஸ் கதவைச் சாத்தினால் நிற்காதாம், ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டுமாம். தாழ்ப்பாளுக்கு ஒரு ஸ்க்ரூ போதும், தினமும் நாற்பது பேர் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள், ஒருத்தனுக்கும் அதைச் சரிபண்ணத் தோன்றவில்லை, இவன் நம் ஸ்பிரிங்கையா சரியாகப் பார்க்கப் போகிறான் என்றார். நாங்கள் சிரித்தோம். அந்த வருஷமே, அவனிடம் வாங்கிய பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு லோரி நிறைய ஸ்பிரிங்கைத் திருப்பி அனுப்பினார்கள்.

விஷயம் சப்ளையர்கள் மத்தியில் பரவிவிட்டது. வேலை நேரத்தில் அவர் ஃபெரியில் ஏறினார் என்று தெரிந்தாலே தீவில் பத்துப் பட்டறைகளில் துடைப்பம் வெளியே வரும் என்று எங்கள் ஸ்டோர்காரர் சொல்வார். ஆயர் ஈத்தாமில் ஒரு அட்டைப்பெட்டி முதலாளி, கண்ணாடி, துண்டு, பூச்செடி வரை வைத்து அந்த அறையைக் கல்யாண வீடு மாதிரி ஆக்கி வைத்திருந்தார். அண்ணன் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிட்டார். சோப்பில் எழுத்து அப்படியே இருக்கிறது, யார் கையும் படவில்லை, வேலைக்காரர்கள் போகிற இடம் எது என்று கேட்டிருக்கிறார். முதலாளி மழுப்பப் பார்த்தார். இவர் பின்பக்கம் தானே நடந்துபோய்க் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அந்த ஆர்டரைக் கொடுக்கத்தான் சொன்னார். பின்பக்கத்தது பழசாக இருந்தாலும் சுத்தமாக இருந்ததாம். பூச்செடி மட்டும்தான் பொய் என்றார்.

இந்தப் பழக்கம் வேலைக்கு மட்டும் என்றில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், இதைச் சொல்லும்போது முகத்தில் கோபமும் இருக்காது சிரிப்பும் இருக்காது. "என்னைப் பார்த்தது ரெண்டு நிமிஷம். அதைப் பார்த்தது அஞ்சு நிமிஷம்."

நான் டைப்பிஸ்டாகவே இருக்க வரவில்லை. சனிக்கிழமை மதியங்களில் ஜார்ஜ்டவுனில் ஒரு வகுப்புக்குப் போய், கொள்முதல் நிர்வாகத்தில் டிப்ளோமா முடித்தேன். முதலில் குட்டி பையர், பிறகு முழு பையர். வாங்குகிறவர்களைத்தான் எங்கள் ஆபீஸில் பையர் என்போம். அதில் நான் ஒருத்திதான் பெண். நானும் அண்ணனுடன் பல பட்டறைகளுக்குப் போனேன். அவர் உள்ளே போய்விட்டு வருவார், நான் வெளியே தவுக்கேயின் மனைவியிடம் பேசிக்கொண்டிருப்பேன். திரும்பும்போது ஃபெரியில் அவர் சொல்வதையெல்லாம் என் நோட்டில் குறித்துக்கொள்வேன். எதற்கு என்று அவர் கேட்டதில்லை. எதற்கு என்று எனக்கே அப்போது தெரியாது.

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூரிலிருந்து ஒரு புது ஜெனரல் மேனேஜர் வந்தார். எல்லாவற்றுக்கும் நிரப்பிக் கொடுக்க ஒரு பாரம் வேண்டும், மார்க் வேண்டும் என்பவர். சப்ளையர்களை மதிப்பிட ஒரு முறை தயார் செய்யச் சொன்னார். நான் நோட்டை எடுத்தேன். தாழ்ப்பாள், சோப்பு, குவளை, ஈரத் தரை என்று அண்ணன் சொன்னதையெல்லாம் நல்ல ஆங்கிலத்தில் மாற்றி, 'ஹவுஸ்கீப்பிங்' என்று தலைப்புப் போட்டேன். விலை, தரம், டெலிவரி என்று மற்றதையும் சேர்த்தேன். மொத்தம் நூறு மார்க். தலைமை அலுவலகத்துப் பெரியவர்கள் முன்னால் அதைத் திரையில் போட்டு விளக்கினேன். அருமை என்றார்கள். யார் யோசனை இது என்று ஒருவர் கேட்டார். அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னுடையது என்று நான் சொல்லவில்லை. நன்றி சார் என்று மட்டும் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது.

அன்று சாயந்தரம் ஃபெரியில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்தான் ஆரம்பித்தார்.

"நல்லா பேசினே தங்கச்சி. ஹவுஸ்கீப்பிங்னு பேர் வச்சே பாரு, அது எனக்குத் தோணவே இல்லை லா. நான் தண்டாஸ் தண்டாஸ்னு சொல்லிக்கிட்டு இருந்ததாலதான் இத்தனை வருஷமா ஒருத்தரும் காது குடுக்கல."

உண்மையிலேயே மெச்சிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு வருஷத்தில் நான் பர்ச்சேசிங் மேனேஜர். கண்ணாடித் தடுப்பு போட்ட அறை, கதவில் என் பெயர். அண்ணன் எனக்குக் கீழே. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மற்றவர்கள் முன்னால் 'மேடம்' என்பார், கதவைச் சாத்தினால் 'தங்கச்சி' என்பார். இப்போது அவரும் கையில் பாரத்தோடுதான் பட்டறைகளுக்குப் போக வேண்டும். கட்டம் கட்டமாக டிக் அடித்துக்கொண்டு வருவார். அது அவருக்குப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்வேன்.

அப்போதுதான் அந்த முலாம் பட்டறை வந்தது. மேசை விசிறிக்கு முன்னால் கம்பி வலை இருக்குமல்லவா, அதற்கு குரோம் முலாம் பூசும் வேலை. தீவுப் பக்கம் புதிதாகத் திறந்திருந்தார்கள். பழைய ஆளைவிட வேகமாகச் செய்து தருவதாகச் சொன்னார்கள். ஜெனரல் மேனேஜருக்கு அவசரம். அண்ணனை அனுப்பினேன். நிரப்பிய பாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தொண்ணூற்றிரண்டு மார்க். அதுவரை யாரும் வாங்காத மார்க்.

"இந்த ஆளு வேண்டாம் தங்கச்சி," என்றார்.

எனக்குப் புரியவில்லை. நீங்களே போட்ட மார்க்தானே அண்ணே என்றேன். தண்டாஸ் பளபளவென்று இருக்கிறது, குறை சொல்ல முடியாது, ஆனால் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றார். ஒரே சாவியாம். அது சூப்பர்வைசரின் சட்டைப் பாக்கெட்டில் இருக்கிறதாம். இவர் நின்ற நேரத்தில் ஒரு மலாய்க்காரப் பெண் மூன்று முறை அந்த ஆள் பக்கம் போய்க் கேட்கப் பயந்து திரும்பி வந்தாளாம்.

"ஒண்ணுக்குப் போறதுக்கே பயப்படுற எடத்துல, சரக்கு கெட்டுப் போச்சுன்னு எவன் வாயைத் தொறப்பான்? அதுக்கு உன் பாரத்துல கட்டம் இல்லை."

எனக்கு அன்று மூன்று மீட்டிங் இருந்தது. ரிமார்க்ஸில் எழுதிவிடுங்கள் அண்ணே என்றேன். எழுதினார். நான் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு ஆர்டரை அனுப்பினேன்.

சில மாதத்தில் விசிறிகள் கடைகளிலிருந்து திரும்பி வர ஆரம்பித்தன. கம்பி வலையில் முலாம் செதில் செதிலாக உரிந்து, உள்ளே துரு. எங்கள் அசெம்ப்ளி லைனை நிறுத்தினார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் வேலையில்லாமல் கேன்டீனில் உட்கார்ந்திருந்தார்கள். விசாரித்தபோது, முலாம் தொட்டியின் கரைசல் கெட்டுப்போனது அங்கே வேலை செய்தவர்களுக்கு முதல் வாரமே தெரியும் என்று வெளிவந்தது. ஒருவரும் சொல்லவில்லை.

ஜெனரல் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் அந்தப் பாரம். பட்டறைக்குப் போய்ப் பார்த்தவர் என்ற இடத்தில் அண்ணன் கையெழுத்து, அனுமதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. ஜெனரல் மேனேஜர் ரிமார்க்ஸ் வரியை உரக்கப் படித்தார். 'ஒரே சாவி. சூப்பர்வைசர் பாக்கெட்டில்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. இது என்ன கிறுக்கல் என்று கேட்டு, அண்ணனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு எல்லாம் தெரியும். அண்ணன் என் அறையில் நின்று சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. விளக்க இரண்டு நிமிஷம் போதும். ஆனால் விளக்கினால், தெரிந்தும் ஏன் ஆர்டர் கொடுத்தாய் என்பதுதான் அடுத்த கேள்வி. கதவில் இருந்த என் பெயர்தான் கண்ணுக்குள் நின்றது.

"அவர் கொஞ்சம் அப்படித்தான் சார்," என்றேன்.

அண்ணன் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிப் பாக்கெட்டில் செருகிக்கொண்டார். சரியாக எச்சரிக்கத் தவறிவிட்டார் என்று அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். மாதம் முடிவதற்குள் ராஜினாமா கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கடைசி நாளில் என் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் 'மேடம், வரேன்' என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெலுத்தோங்கில் அவர் இருந்த அடுக்குமாடி வீட்டுக்கு இரண்டு முறை கீழே வரை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாவது முறை படியேறினேன். அவர்தான் கதவைத் திறந்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. உட்காரச் சொன்னார். நான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். திரையில் போட்டதை, நன்றி சார் என்றதை, அந்தப் பாரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதை, கடைசியில் சொன்ன அந்த ஒரு வரியை. பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். அந்த ஆளுக்கு எல்லாமே பரவாயில்லைதான் என்று நான் நினைத்து வைத்திருந்தேன்.

எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சொல்லியிருக்கலாம் தங்கச்சி," என்றார்.

அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் என்னை அவர் குறை சொன்னதே இல்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, அக்காவிடம் இன்னொரு தட்டு வைக்கச் சொன்னார். அன்று சாப்பிட்டது மீன் குழம்பு என்று ஞாபகம். ருசி ஞாபகம் இல்லை.

பிறகு ஒரு ஹோட்டலில் சாமான் வாங்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். நானும் அதே நாற்காலியில்தான் இருந்தேன், இன்னும் மேலேகூடப் போனேன். பாரத்தில் சாவிக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். காலம் கடந்து சேர்த்த கட்டம். ஒவ்வொரு தீபாவளிக்கும் குடும்பத்தோடு அவர் வீட்டுக்குப் போவோம். ஆபீஸைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். என் மகளை மடியில் உட்காரவைத்து முறுக்கை உடைத்து உடைத்துக் கொடுப்பார். அவள் அவரை மாமா என்பாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியாது.

தொண்ணூறுகளில் ஒரு நாள், திடீரென்று, மாரடைப்பில் போய்விட்டார். அப்போது மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. விடுப்புக் கடிதத்தை அவளே எழுதிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். 'என் தாய்மாமன் காலமாகிவிட்டதால்' என்று ஆரம்பித்திருந்தாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது.

முழுவதையும் இரண்டு தரம் படித்தேன். ஒரு எழுத்தையும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.