முளைராஜாவும் நானும்

அந்த முளைராஜாவை ஒழித்துக்கட்டும் வரை முகச்சவரம் செய்வதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சபதம் எடுத்தேன். மூன்றாம் நாளே கன்னம் அரித்தது. சபதம் மட்டும் தளரவில்லை.

முளைராஜா யாரென்று கேட்கிறீர்களா? வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஆன்லைனில் விதை விற்கிற ஆசாமி. முகம் காட்டமாட்டான். போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூசணிப்பூ. என் மனைவி அவனிடம் வெண்டை விதை வாங்கினாள். அதோடு விட்டதா? காலையில் செய்தி, மாலையில் செய்தி, போனைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பு. பதினாறு வருஷத்தில் என் ஜோக் எதற்கும் அந்தச் சிரிப்பு வந்ததில்லை. வயிறு எரியுமா எரியாதா?

"என்னவாம்?"

"பதியம் போடறது எப்படின்னு கேட்டேன். சொல்றாங்க."

"பதி நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். பதியத்தைப் பத்தி எவன்கிட்டயோ கேக்கறியா?"

"உங்களைக் கேட்டா முதுகு வலிம்பீங்க."

கொல்லையைக் கொத்திக் கொடுங்கள் என்று அவள் மூன்று வருஷமாகக் கேட்கிறாள். எனக்கும் மூன்று வருஷமாக முதுகு வலி.

பச்சைக்கிளி என்ற பொய்ப் பெயரில் அவனிடம் பீர்க்கை விதை வரவழைத்தேன். பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. மெத்தைக்கடியில் செருகிவிட்டு, பத்தாம் நாள் புகார் அனுப்பினேன். 'ஒன்றுகூட முளைக்கவில்லை. நீர் விற்பது விதையா, வதையா?'

உடனே பதில். 'மண்ணை எவ்வளவு ஆழம் கொத்தினீர்கள் ஐயா? போட்டோ அனுப்பவும்.'

அவனிடம் தோற்பதா? ஆபீசுக்கு லீவு போட்டேன். மனைவி வேலைக்குக் கிளம்பியதும் மண்வெட்டியைத் தூக்கினேன். ஓரடி கொத்திப் படம் அனுப்பினேன். 'போதாது. மூலையில் கல் தெரிகிறது.' கல்லைப் பெயர்த்தேன். 'எரு கலந்தீர்களா?' தெருக்கோடியிலிருந்து நாலு மூட்டை சுமந்தேன். 'பந்தல்?' அதையும் கட்டினேன். மூன்று நாள்! முதுகு நிஜமாகவே வலித்தது.

மூன்றாம் நாள் மாலையில் மனைவி கொல்லையை எட்டிப் பார்த்தாள்.

"ஏதோ பெருச்சாளி பறிச்சிருக்குங்க."

"அப்படியா?"

"நல்ல பெருச்சாளி. வரிசையாப் பறிச்சிருக்கு."

அப்போது போன் சிணுங்கியது. 'மிக்க மகிழ்ச்சி ஐயா. இனி மெத்தைக்கடியில் இருக்கும் பொட்டலத்தைப் பிரித்து விதையைப் போடலாம்.'

திரும்பினால், பொட்டலம் மனைவி கையில்.

"பேரை மாத்தினீங்க, சரி. வீட்டு விலாசத்தை மாத்த வேண்டாமா? ஒரே விலாசத்துல இன்னொருத்தர் யாருன்னு என்கிட்டயே கேட்டாங்க."

"அப்ப கல்லு, எரு, பந்தல்..."

"நான் சொல்லச் சொல்ல அங்கேருந்து அனுப்பினாங்க."

அப்போதும் என் பொறாமை அடங்கவில்லை. "அந்த முளைராஜாவும் நீயுமாச் சேர்ந்து என்னைப் பாத்துச் சிரிச்சீங்களா?"

"அவரா? பாவம், அவருக்கு இதெல்லாம் எங்க தெரியும்? என்கூடப் பேசறது அவரு வீட்டம்மா. அவர் அங்க கொத்திக்கிட்டிருக்காரு."