அஞ்சலகக் காவலர்

அஞ்சலகக் காவலர் என்றோர் இனம் உண்டு. சீருடை கிடையாது, சம்பளம் கிடையாது. வாய் மட்டும் உண்டு. தபால் துறையில் தனியாருக்கும் கதவைத் திறக்கப்போகிறார்கள் என்று செய்தியில் ஒரு வரி வந்தால் போதும், முடிவெட்டும் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட அப்பாவியிடமும், "போட்டி வரட்டுங்க, நான் வேணாங்கல. ஆனா கடைசி வீட்டுக்கும் அதே விலையில யார் போவா?" என்று கேட்டு, பதிலையும் தாமே சொல்லி முடித்துத்தான் ஆளை விடுவார்.

கேள்வி நியாயம்தான். எங்கள் தெருவில் இருக்கும் அஞ்சலகக் காவலரின் அக்கா மலைமேல் கடைசி வீட்டில் இருக்கிறார். அவருடைய இதய மாத்திரை மாதாமாதம் தபாலில்தான் ஏறுகிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே கட்டணத்தில் தபால் போயே ஆகவேண்டும் என்று புதுச் சட்டத்தில் எழுதாவிட்டால் அந்த அம்மாள் பாடு திண்டாட்டம். அதற்காகவே காவலர் அரசுக்கு மனு எழுதினார், முந்நூறு கையெழுத்து வாங்கினார். வெள்ளிக்கிழமைக்குள் தபால் முத்திரை விழுந்த மனுக்கள் மட்டுமே ஏற்கப்படும் என்று அரசு அறிவிப்பில் இருந்தது.

மனுவை எதில் அனுப்பினார் என்கிறீர்கள்? கூரியரில்!

"அவசரம் பாருங்க. தபால்ல போட்டு ரிஸ்க் எடுக்க முடியுமா?"

வெள்ளி மாலை உறை வீடு திரும்பியது. கொண்டுவந்த கூரியர்காரர் தலையைச் சொறிந்தார். "சார், இதுல தெருவும் இல்ல, கதவு நம்பரும் இல்ல. தபால் பெட்டி எண் பன்னிரண்டுன்னுதான் போட்டிருக்கு. அது தபாலாபீஸுக்குள்ள இருக்கிற பெட்டி. எங்களை எப்படி உள்ள விடுவாங்க?"

மனைவி விடுவாரா? "உங்க அக்கா மாத்திரையத் தபால்காரர் தூக்கிட்டுப் போகலாம். உங்க காகிதம் மட்டும் அவர் கைல போகக்கூடாதாக்கும்!"

காவலர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். போய் நின்ற இடத்தில் கண்ணாடிக் கடை. அஞ்சலகம் அடுத்த தெருவுக்குக் குடிபோய் இரண்டு வருடமாகிறதாம்! மூச்சிரைக்க அங்கே போய்ச் சேர்ந்தபோது மூட இரண்டு நிமிடம்.

கவுண்டரில் இருந்த அம்மாள் நிதானமாக எடை போட்டு, அஞ்சல்தலை ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தினார். அப்பாடா! அக்கா பிழைத்தார்.

"உங்க தெருவிலேர்ந்து இந்த வருஷம் வந்த முதல் கவர் இதுதான் சார்," என்றார் அந்த அம்மாள். "இப்படியே போனா இந்தக் கவுண்டரையும் எடுத்துடுவாங்க."

காவலர் குனிந்து செருப்பைச் சரியாக மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார்.

சிரிக்கிறீர்கள், சந்தோஷம். ஓர் அஞ்சல்தலை இன்றைக்கு என்ன விலை? யாரையும் கேட்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.