முட்டை நிற்கக்கூடாத நாட்கள்

சுரபாயாவில் மனைவி மக்களோடு சௌக்கியமாக இருக்கும் தம்பி புன் ஹுவாத்துக்கு, பொந்தியானாக்கிலிருந்து அண்ணன் புன் சேங் எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கப்புவாஸ் ஆறும் கரைக்குள்தான் ஓடுகிறது. உன் வீட்டில் எல்லாருக்கும் நல்ல பசியும் நல்ல தூக்கமும் இருக்க வேண்டுகிறேன். எனக்கு அந்த இரண்டும் போய்விட்டன. காரணம் உன் மகள் யூலியானி. திருநாளுக்கு முன்னால் அவளை நீ திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும்.

நீ ஊரைவிட்டுப் போய் எத்தனை வருஷமானாலும் பேச்சுன் திருநாளை மறந்திருக்க மாட்டாய். சீனக் கணக்கில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், உச்சிவேளை. வருஷத்தில் அந்த ஒரு வேளையில்தான் பச்சை முட்டை செங்குத்தாக நிற்கும். அப்பாவுக்குப் பிறகு படித்துறையில் முதல் முட்டையை நிறுத்துவது நான்தான். என் முட்டை நின்ற பிறகுதான் மற்றவர்கள் தங்கள் முட்டையைக் கையில் எடுப்பார்கள், அதற்குப் பிறகுதான் எல்லாரும் திருநாள் முழுக்குக்கு ஆற்றில் குதிப்பார்கள். ஆயுள் முழுக்கப் படகு எஞ்சினைக் கழற்றி மாட்டிய எனக்கு ஊரில் இருக்கும் ஒரே மரியாதை அது. முட்டை ஏன் நிற்கிறது என்பதையும் நானே யோசித்துக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு மேலே சூரியன் இழுக்கிறது, கீழே ஆறு இழுக்கிறது, நடுவில் முட்டை நூல் கட்டின மாதிரி நிற்கிறது. எனக்கு யாரும் பாடம் சொல்லித்தரவில்லை. அதனால் தப்பாகவும் யாரும் சொல்லித்தரவில்லை.

இதை உன் மகளுக்கு இரவுச் சாப்பாட்டின்போது விளக்கினேன். வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்றுதானே என் வீட்டில் தங்கவைத்தாய்? முழுவதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"வேற நாள்ல நிறுத்திப் பாத்திருக்கீங்களா பெரியப்பா?"

"நிக்காத நாள்ல எதுக்குடி நிறுத்திப் பாக்கணும்?"

அவள் மீனில் முள் எடுக்க ஆரம்பித்தாள். அவள் முள் எடுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் ஆ குயியின் காப்பிக்கடைக்குப் போனேன். திருநாள் சங்கத்துக்குச் செயலாளர் அவன்தான் என்பது உனக்குத் தெரியும். அங்கே இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன்: வேறு எந்த நாளிலாவது ஒரு முட்டை நின்றால் இனி முதல் முட்டையை நான் தொடமாட்டேன். யாரும் கேட்காமலே சொன்னேன். உண்மையைச் சொல்ல யார் கேட்க வேண்டும்?

அன்று பள்ளி விட்டதும் உன் மகள் வகுப்புப் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தாள். என் வீட்டு வாசலில் ஆற்றை ஒட்டிப் போகும் பலகைப் பாதை இருக்கிறதே, அதில் பிள்ளைகளை உட்காரவைத்து ஆளுக்கொரு முட்டை கொடுத்தாள். தடித்த பக்கம் கீழே இருக்கட்டும், விரலை முட்டையோடு வையுங்கள், உள்ளே மஞ்சள் கரு அடங்கும்வரை காத்திருங்கள், பிறகு மெதுவாக விரலை எடுங்கள், விழுந்தால் கொஞ்சம் திருப்பி வேறு இடம் பாருங்கள் என்றாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முட்டைகள் உருண்டன. ஒன்று ஆற்றுக்கே போய்விட்டது. நான் சிரித்தேன், மறைக்கவில்லை. உடைந்ததையெல்லாம் நானே பொரித்தும் கொடுத்தேன், அறிவு இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்கு வயிறு இருக்கிறது அல்லவா? நான் சட்டியோடு திரும்பி வரும்போது சத்தமே இல்லை. ஃபித்ரி என்றொரு சிறுமி, பக்கத்துச் சந்தில் வலை பின்னுகிறவரின் மகள், பலகையில் குப்புறப் படுத்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். அவள் மூக்குக்கு முன்னால் முட்டை நின்றது.

உப்பு என்று சொன்னேன். அடியில் உப்புத் தூவினால் எந்த முட்டையும் நிற்கும், சந்தையில் நான் பார்க்காததா? முட்டையை எடுத்துவிட்டுப் பலகையை நக்கிப் பார்த்தேன். உப்பு இல்லை. வேறு பல ருசிகள் இருந்தன. அப்போது உன் மகள் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் வாதாடவில்லை, சிரிக்கவும் இல்லை.

"பெரியப்பா சொன்னது நல்ல சந்தேகம்," என்றாள் பிள்ளைகளிடம். "நாளைக்குப் பலகையக் கழுவிட்டு, முட்டையையும் தொடச்சிட்டுப் பாப்போம். வேற எதையும் மாத்த வேண்டாம்."

மறுநாள் கழுவினார்கள். நின்றது. வெயில் அடிக்கிறது, சூரியன் இழுக்கிறது என்றேன். மேகம் மூடின காலையில் வந்தார்கள். நின்றது. சூரியன் இல்லாவிட்டாலும் ஆறு பக்கத்தில் இருக்கிறதே என்றேன். ஆற்றைவிட்டு வெகுதூரம், பள்ளிக்கூட முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள், நானும் வேவு பார்க்கப் போனேன். அங்கேயும் நின்றது. அந்தச் சிறுமிக்குக் கைராசி என்றேன். அவளை ஓரமாக உட்காரவைத்துவிட்டு மற்றப் பிள்ளைகள் நிறுத்தினார்கள். நான் ஒரு கதவை மூடினால் அவர்கள் அந்தக் கதவைத் தட்டித் திறந்து உள்ளே வந்துவிடுகிறார்கள் தம்பி. இப்போது பள்ளி விட்டால் நேராக என் வாசலுக்கு வந்து, "ஆபேக், இன்னைக்கு என்ன சந்தேகம்?" என்று என்னைப் பெரியப்பா முறை வைத்துக் கேட்கிறார்கள், ஏதோ பலகாரம் கேட்கிற மாதிரி. காப்பிக்கடையில் அரைவேக்காட்டு முட்டை கேட்டால் ஆ குயி, "நிறுத்திக் குடுக்கவா அண்ணே, படுக்க வெச்சே குடுக்கவா?" என்கிறான். சங்கத்தில் முதல் முட்டைக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று பேச்சு எழுந்திருக்கிறது. அப்பாவிடமிருந்து வந்த உரிமை இது, உனக்கும் இதில் மானம் உண்டு. எட்டு வயசுப் பிள்ளைகள் குப்புறப் படுத்ததால் அது போகலாமா?

ஆகவே அவளை அழைத்துக்கொள். அங்கே பள்ளிக்கூடங்களுக்கா பஞ்சம்? நான் என் சொல்லிலிருந்து மாறவில்லை, மாறப்போவதும் இல்லை. உன் மனைவிக்கும் மகனுக்கும் என் அன்பு. உங்கள் கூரை ஒழுகாமலும், பானை குறையாமலும், வருகிற திருநாளில் இலையில் கட்டும் பக்சாங் சோறு குழையாமலும் இருக்க நம் முன்னோர் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
புன் சேங்

பின்குறிப்பு: மழையால் தபால் நிலையம் போகவில்லை. வீட்டில் யாரும் இல்லை. சமையலறைத் தரை ஓடு, பலகை அல்ல. சந்தேகத்தை உறுதிசெய்துகொள்ளத்தான் ஒரு முட்டையோடு உட்கார்ந்தேன். காப்பி ஆறி ஆடை கட்டிய பிறகு நின்றது. எஞ்சின் வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் முட்டையின் அடியைப் பார்த்தேன். வழவழப்பாக இல்லை தம்பி, மணல்மேடு மாதிரி இருக்கிறது. மூன்று மேடு சரியாக வாய்த்தால் முக்காலி. இத்தனை வருஷம் கையில் பிடித்திருக்கிறேன், ஒருதரம் கூடப் பார்க்கவில்லை.

மழை விட்டதும் ஆ குயியிடம் போய், இந்த வருஷம் முதல் முட்டையை ஃபித்ரி நிறுத்துவாள் என்று சொல்லிவிட்டேன். "அப்ப அந்த நாளுக்கு என்ன அண்ணே விசேஷம்?" என்று கேட்டான். அந்த ஒரு நாள்தான் ஊரே வேலையை விட்டுவிட்டு ஒரு முட்டைக்காகப் பொறுமையாகக் குந்தியிருக்கிறது, அதுதான் என்றேன். சங்க நோட்டில் ஃபித்ரியின் பேரை எழுதிக்கொண்டான்.

யூலியானியை அழைக்காதே. வாத்து முட்டையும் நிற்குமா என்ற சந்தேகம் இன்னும் பாக்கி இருக்கிறது. எங்கள் ஊர் பூமியின் நடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது, நீ இருப்பது அதற்குத் தெற்கே. இன்றைக்கே ஒரு முட்டையை நிறுத்திப் பார்த்து எழுது. விழுந்தது என்று மட்டும் எழுதாதே, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய் என்றும் எழுது. உன் பொறுமை எனக்குத் தெரியும்.